அக்கரைக்குப் போவோம் வாருங்கள்

மும்பையில் எத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறீர்கள்? கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகேறி அக்கரைக்கு ஒருமுறையாகிலும் போயிருக்கிறீர்களா?

இக்கேள்வியைக் கேட்க எனக்குத் தகுதியில்லை. விடுமுறைக்கு ஊர் சுற்றுவது உலக இன்பம் என்று பிரசங்க பீடத்தில் நின்று பேசியவன் நான். அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டார் தாராவியில் தோல் பை தைக்கும் நம் சபைச் சகோதரர் ஒருவர். வாரத்தில் ஆறு நாள் தையல், ஞாயிறு ஆராதனை, மாலையில் மறுபடியும் தையல். படகில் போகவேண்டும் என்று அவருடைய மகள் சிறுவயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்குத் திருமணமாகி, கோயம்புத்தூரில் இருக்கிறாள். சென்ற ஆண்டு அவர் என்னிடம், “பாஸ்டர், பிள்ளையை ஒருநாள் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே” என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இலகுவாயிருந்திருக்கும்.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவரையும் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் அலிபாக் சென்றோம். மாண்ட்வா துறைக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அங்கிருந்து பேருந்து. மழைக்காலத்தில் கேட்வே படகுகள் நின்றுவிடும். 2020 முதல் பாவுச்சா தக்காவிலிருந்து வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் பெரிய கப்பல் ஓடுகிறது. சனி, ஞாயிறுகளில் மட்டும் போகாதீர்கள். மும்பை முழுவதும் அங்கே வந்திருக்கும்.

சிறிய ஊர். மூங்கில் பந்தல்களில் பாம்பில் மீன் காய்கிறது. கோலி மீனவர்கள் வலை பழுதுபார்க்கிறார்கள். வெள்ளை வெங்காயத்தைச் சடைபோலப் பின்னித் தெருவோரத்தில் தொங்கவிட்டு விற்கிறார்கள். 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற வெங்காயம் அது. பச்சையாகவே தின்னலாம், அவ்வளவு இனிப்பு. கடல் நடுவே சிவாஜி கட்டத் தொடங்கிய கொலாபா கோட்டை நிற்கிறது. கடல் வற்றும் நேரத்தில் நடந்தே போகலாம். நேரம் தவறினால் திரும்பப் படகுதான். நாற்புறமும் உப்புநீர் சூழ்ந்திருக்க, கோட்டைக்குள் நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு.

இங்கே ஒரு காந்த ஆய்வுக்கூடமும் இருக்கிறது. முன்பு மும்பைக் கொலாபாவில் இருந்தது. மின்சார டிராம் வரப்போகிறது, அதனால் காந்த ஊசியின் அளவுகள் கெட்டுப்போகும் என்று அறிந்து, 1904-ல் அலிபாகில் புதிய கூடம் அமைத்தார்கள். நகரத்தின் இரைச்சலில் ஊசிக்கே திசை பிசகும் என்றால்! (பிரசங்கக் குறிப்பு எடுக்கக்கூடாது என்று என் மனைவி கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தார்.)

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது இஸ்ராயல் ஆலி என்னும் தெரு. பெனே இஸ்ராயேல் என்ற யூதர்களின் ஜெபஆலயம் அங்கே இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அருகிலுள்ள நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் தப்பிப் பிழைத்தார்கள் என்பது அவர்களுடைய பாரம்பரியம். வேதச்சுருள்கள் கடலோடு போயின. செக்கில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு சுழலாது. அதனால் அயலார் அவர்களை ‘ஷனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை வாணியர் என்றே அழைத்தார்கள். பிற்காலத்தில் வந்த ஒரு போதகர் பலவகை மீன்களைப் பெண்களிடம் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். சிறகும் செதிளும் இல்லாதவற்றை அவர்கள் ஒதுக்கிவைத்தார்கள். 1948-க்குப் பின் பெரும்பாலோர் இஸ்ரவேல் தேசத்துக்குப் போய்விட்டார்கள்.

கொலோசெயர் இரண்டாம் அதிகாரம் எனக்கும் தெரியும், கடிதம் எழுதவேண்டாம். புத்தகம் இழந்து, மொழி இழந்து, அன்றாடம் உழைத்து உண்ட அந்த ஏழைகள் வாரத்தில் ஒருநாள் வருமானத்தை விட்டார்கள். நம் கையில் வேதம் இருக்கிறது. ஆண்டவரோ, சாப்பிடவும் நேரமில்லாத சீஷர்களைத் தனித்துப்போய்ச் சற்றே இளைப்பாறும்படி அழைத்தவர். மாற்கு ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதை வைத்து நான் ஒருமுறையும் பிரசங்கித்ததில்லை.

மாலையில் மணலில் அமர்ந்தோம். சகோதரர் காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். சற்று நேரம் நின்றார். பிறகு கைப்பேசியை எடுத்து மகளை அழைத்தார். “அம்மா, சத்தம் கேட்கிறதா? அலை” என்றார். வருகிற மே மாதம் அவள் பிள்ளையோடு மும்பைக்கு வருகிறாளாம். நால்வருக்கும் படகுக்கட்டணம் எவ்வளவு என்று திரும்பும் வழியில் விசாரித்துக்கொண்டே வந்தார்.