காலில் நரம்பு சுருண்டால் மருத்துவரிடம் எப்போது செல்வது?

கெண்டைக்காலில் நீலநிறக் குழாய் புடைத்து நெளிந்திருப்பதைக் கண்டால், நம் பக்கத்தில் "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்பார்கள். உண்மையில் அது நரம்பு அன்று. மூளைக்கும் உடலுறுப்புகளுக்கும் இடையே செய்தி கொண்டு செல்வது நரம்பு. இங்கே புடைத்திருப்பது சிரை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டு செல்லும் குழாய். மருத்துவர்கள் இந்நோயை வெரிகோஸ் வெயின் என்கின்றனர். பெயர் எதுவானால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். நரம்பு என்று எண்ணுவதால்தான் பலர் நரம்புத் தளர்ச்சி மாத்திரையும் தைலமும் வாங்கிக் காலம் கடத்துகின்றனர்.

பாதத்திலுள்ள இரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து இதயம்வரை ஏற வேண்டும். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சிரைகளைப் பிழிய, இரத்தம் மேலே செல்கிறது. ஏறியது இறங்கிவிடாதபடி சிரைக்குள் சிறு வால்வுகள் உள்ளன. கிணற்றுப் பம்புசெட்டின் புட்வால்வை நினைத்துக்கொண்டால் போதும். அது பழுதானால் குழாயில் ஏறிய நீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். சிரையின் வால்வு தளர்ந்தாலும் அவ்வாறே இரத்தம் கீழே தேங்கி, சிரை விரிந்து சுருள்கிறது.

இவ்வால்வுகளைப் பப்ரீசியஸ் என்னும் இத்தாலிய அறிஞர் 1603இல் விவரித்தார். அவை எதற்காக உள்ளன என்பதைச் சரியாகக் கூறியவர் அவருடைய மாணவரான வில்லியம் ஹார்வி. 1628இல் வெளிவந்த தம் நூலில் அதனை விளக்கினார். அவர் காட்டிய சோதனையை நாமும் செய்யலாம். கையைத் தொங்கவிட்டு, முன்கையில் எழும் சிரையின் கீழ்ப்பகுதியை ஒரு விரலால் அழுத்துங்கள். மற்றொரு விரலால் இரத்தத்தை முழங்கைப் பக்கமாகத் தள்ளிவிட்டு, அந்த விரலை எடுத்துவிடுங்கள். முதல் விரல் இருக்கும்வரை வால்வுக்குக் கீழுள்ள பகுதி வெறுமையாகவே கிடக்கும்.

பரம்பரை, வயது, கருவுற்ற காலம், உடற்பருமன் ஆகியவை இந்நோய்க்கு இடமளிப்பவை. நெடுநேரம் நின்ற இடத்திலேயே நிற்பதும் அவற்றுள் ஒன்று. நடப்பவருக்குக் கெண்டைத்தசை பம்பு போல உதவுகிறது. நிற்பவருக்கு அது உதவுவதில்லை. ஜவுளிக்கடைகளில் நாள் முழுவதும் நிற்கும் பெண்களை நாம் அறிவோம். கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும், கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி அளிக்க வேண்டுமெனச் சட்டத்தைத் திருத்தின. நம் மாநிலத்தில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு இதற்காகவே சேர்க்கப்பட்டது. நாற்காலி போட்டால் மட்டும் போதாது, அதில் உட்காரவும் விட வேண்டும் என்பது என் கருத்து.

என் தந்தையார் விசேஷ வீடுகளில் சமையல் வேலை பார்ப்பவர். முகூர்த்தத்துக்கு முதல்நாள் மாலை கோட்டை அடுப்பின் முன் நின்றாரானால் மறுநாள் பந்தி முடியும்வரை உட்காரமாட்டார். அவருடைய இடது கணுக்காலின் உட்புறம் கறுத்தபோது, அடுப்பு அனல் என்றே சொல்லிவந்தார். அனல் ஒரு கணுக்காலில் மட்டுமா படும்? தேங்கிய இரத்தத்தின் சிவப்பணுக்கள் நுண்குழாய்களிலிருந்து கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து தோலில் படிவதால் அந்தக் கறுப்பு உண்டாகிறது. அரசு மருத்துவமனையில் இதைக் கேட்டறிந்த பிறகே அவர் சிகிச்சைக்கு இசைந்தார்.

சிரை புடைத்திருப்பது தவிர வேறு தொல்லை இல்லையென்றால் அஞ்ச வேண்டியதில்லை. நடப்பதும், ஓய்வில் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பதும் போதும். ஆனால் மாலையில் கால் கனத்து வலித்தல், கணுக்கால் வீங்குதல், இரவில் குரக்களி இழுத்தல் ஆகியவை வேலையையும் உறக்கத்தையும் கெடுத்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தோல் கறுத்தாலும், தடித்தாலும், அரித்துப் படை போலானாலும் தள்ளிப்போடலாகாது. அடுத்த படி புண். கணுக்காலருகே புண் வந்து இரண்டு வாரத்தில் ஆறவில்லையெனில், களிம்பு மாற்றிப் பயனில்லை. தேங்கும் இரத்தத்துக்கு வழி செய்தாலன்றி அது எளிதில் ஆறாது. சிரை கயிறுபோல் இறுகிச் சிவந்து வலித்தாலும் உடனே காட்ட வேண்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாகி வலித்தால், உட்புறச் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவமனை செல்லுங்கள். எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108ஐ அழைக்க வேண்டும்.

புடைத்த சிரை கீறிக்கொண்டால் இரத்தம் பீறிடும். நம்மவர்கள் அப்போது காயத்துக்கு மேலே துணியை இறுக்கிக் கட்டுவார்கள். மேலேறும் வழி அடைபடுவதால் இரத்தம் இன்னும் மிகுதியாகவே வரும். நோயாளியைப் படுக்கவைத்து, காலை நெஞ்சைவிட உயர்த்தி, காயத்தின் மீதே சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மருத்துவர் நோயாளியை நிற்கவைத்துப் பார்ப்பார். பின்பு டாப்ளர் ஸ்கேன் மூலம் எந்த வால்வு பழுது என அறிவார். முன்பு சிரையைக் கட்டி உருவி எடுப்பார்கள். இன்று லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் உள்ளிருந்தே அடைக்கவும், மருந்தூசியால் சுருக்கவும் முடிகிறது. இரத்தம் வேறு நல்ல சிரைகளின் வழியே சென்றுவிடும். அழுத்தக் காலுறையைக் காலையில் வீக்கம் ஏறுமுன் அணிந்து, இரவில் கழற்ற வேண்டும். ஆனால் தமனி அடைப்பு உள்ளவர்க்கு அக்காலுறை தீங்கு செய்யும். எனவே சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்போரும் மருத்துவர் பாதத்தின் நாடித்துடிப்பைப் பார்த்துச் சொன்ன பிறகே அதை வாங்க வேண்டும்.