முப்பது வினாடியில் நான்: காட்டுப்பள்ளியிலிருந்து சில குறிப்புகள்

அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் இறங்கி காட்டுப்பள்ளி ரோட்டைப் பிடித்தால், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புழுதியைத் தின்றுகொண்டுதான் போக வேண்டும். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், காமராஜர் துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, காட்டுப்பள்ளி துறைமுகம் என்று வரிசையாக வரும். கேட்டுகளுக்கு வெளியே பிளாஸ்டிக் கவரில் பயோடேட்டாவோடு பையன்கள் நிற்பார்கள். ஐ.டி.ஐ. முடித்தவன், டிப்ளமோ முடித்தவன், பத்தாவதோடு நின்றவன். "காண்ட்ராக்ட்டா இருந்தாலும் பரவால்லண்ணே" என்பதுதான் அங்கே பொதுவாகக் காதில் விழும் பேச்சு.

இந்தப் பையன்களை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒரு விஷயத்தைக் கொஞ்சநாளாகப் படித்துவருகிறேன். சொந்த நாட்டை விட்டு, சர்ச் ஊழியமாக இன்னொரு நாட்டுக்குப் போய், வேலை தேடுகிறவர்களைச் சொந்தக் காலில் நிற்க வைக்க முயலும் தன்னார்வலர்கள். மதப் பிரச்சாரத்தைப் பற்றி நம்மிடம் நிறையப் பேச்சு இருக்கிறது. இந்த வேலைவாய்ப்பு ஊழியத்தைப் பற்றி அவ்வளவாக இல்லை. அது எப்படி நடக்கிறது, அதனால் யாருக்கு என்ன பயன் என்று பார்ப்போம்.

என்னதான் செய்கிறார்கள்?

இதை இன்று ஒரு முறையாகவே வைத்து நடத்துகிற சபைகளில் முக்கியமானது, மார்மன் சபை என்று பரவலாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. தலைமையகம் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி. இந்தியாவில் சிறிய சபைதான். பெங்களூரை மையமாக வைத்து 1993-ல் தனி மிஷன் தொடங்கியது. சென்னையிலும் அவர்கள் கூடுகிறார்கள்.

வெள்ளைச் சட்டையும் டையுமாகத் தெருவில் ஜோடியாகப் போகும் இளைஞர்கள்தான் அவர்களுடைய அடையாளம். ஆனால் இன்னொரு வகை ஊழியர்களும் உண்டு: வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள். சில மாதங்கள் முதல் இரண்டு வருடம் வரை, தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொண்டு வெளிநாட்டில் தங்கி வேலை செய்வார்கள். அதில் ஒரு பிரிவு 'சுயசார்பு' சேவை.

வாரம் ஒருமுறை ஒரு சிறு குழு கூடும். வேலை தேடல், மேற்படிப்பு, சிறுதொழில், வீட்டு வரவுசெலவு என்று தனித்தனிக் குழுக்கள். இங்கே வாத்தியார் கிடையாது. வழிநடத்துபவர் ஒருவர் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பார், மற்றவர்கள் பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டாளி. "இந்த வாரம் இத்தனை பேரிடம் வேலை கேட்பேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் செய்தேனா இல்லையா என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட நம்ம மகளிர் சுய உதவிக் குழு மாதிரிதான். அங்கே சேமிப்புக்குக் கணக்கு, இங்கே முயற்சிக்குக் கணக்கு.

அவர்களுடைய பயிற்சிகளில் பெயர்பெற்றது 'முப்பது வினாடியில் நான்'. நான் யார், எனக்கு என்ன தெரியும், அதை எங்கே செய்து காட்டியிருக்கிறேன் என்பதை அரை நிமிடத்துக்குள் தடுமாறாமல் சொல்லிப் பழகுவது. கேட்க அற்பமாகத் தெரியும். "உன்னைப் பத்திச் சொல்லுப்பா" என்றதும் அப்பா பெயர், ஊர்ப் பெயரோடு நின்றுவிடும் நம் பையன்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பணமும் உண்டு. 2001-ல் அந்தச் சபை ஒரு கல்விக் கடன் நிதியைத் தொடங்கியது. ஏழை நாடுகளில் இருக்கும் தங்கள் இளைஞர்கள் தொழிற்படிப்பு படிக்கக் கடன். வேலை கிடைத்ததும் திருப்பிக் கட்ட வேண்டும், அது அடுத்தவருக்குப் போகும். 1849-ல் தங்கள் மக்கள் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேற இதேபோல ஒரு சுழல்நிதி வைத்திருந்தார்கள். அதுதான் இதற்கு முன்மாதிரி.

நம்ம ஊருக்கு இது புதுசா?

இல்லை. நாகர்கோவிலுக்கு 1819-ல் லண்டன் மிஷன் ஊழியராக வந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், அங்கே பெண்களுக்கு ஒரு விடுதிப்பள்ளி நடத்தினார். அந்தப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டின்மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல். அதற்கு முன்பே லேஸ் பின்னிச் சம்பாதித்த காசில் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு. சுயசார்பு என்ற சொல்லுக்கு இதைவிடக் கனமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவர் மகள் எலைசா கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். லேஸும் கூடவே போனது.

இரண்டாவது கதை மார்த்தாண்டம் தேன். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் மார்த்தாண்டம் வந்தவர் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹேட்ச். அதற்கு முன்பே கிராமப்பணியை ஒய்.எம்.சி.ஏ.வின் வேலையாக ஆக்கியவர் சேலத்தில் பிறந்த கே.டி. பால். ஹேட்ச் கையில் எடுத்ததெல்லாம் ஊரில் ஏற்கெனவே இருந்தவைதான்: கோழி, முட்டை, பனை, பழம், தேனீ. மரப்பொந்தில் புகைபோட்டு, கூட்டை அழித்துத் தேன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டங்களை எடுத்து மாட்டக்கூடிய பெட்டி வந்தபின் கூடும் பிழைத்தது, தேனும் கிடைத்தது. விற்பதற்குக் கூட்டுறவும் வந்தது. அவரவர் உழைப்பு, பக்கத்திலேயே இருந்து சொல்லித்தரும் ஆலோசனை, இந்த இரண்டும்தான் அவருடைய முறை. பிற்பாடு அதையே மெக்சிகோவுக்கும் கொண்டுபோனார். அவர் போய்விட்டார், மார்த்தாண்டம் தேன் இன்னும் இருக்கிறது.

காட்டுப்பள்ளிக்கு வந்தால்

இப்போது ஒரு தம்பதி அத்திப்பட்டில் இறங்கி ஒரு குழு தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். (சும்மா வந்துவிட முடியாது. டூரிஸ்ட் விசாவில் மிஷனரி வேலை கூடாது, அதற்குத் தனி விசா. இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் தனி அனுமதி வாங்க வேண்டும்.) குழுவில் உட்காரும் பையன் யார்?

பெரும்பாலும் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. காட்டுப்பள்ளி என்பது ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும், நடுவே ஒரு மணல்திட்டு. தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு. ஆற்றில் இறால், நண்டு, கடலில் மீன். அவன் தாத்தா யாரிடமும் பயோடேட்டா கொடுக்கவில்லை. அவர் சுயசார்பாகத்தான் இருந்தார். பழவேற்காட்டுப் பக்கம் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊரே முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. எந்தப் பயிற்சிப் புத்தகமும் இல்லாமல் நடந்துவந்த ஏற்பாடு.

அந்தத் திட்டில்தான் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தன. காட்டுப்பள்ளி குப்பத்து மக்கள் இடம் மாற்றப்பட்டார்கள். வேலை தருவதாகச் சொன்னதை வைத்து, நிரந்தர வேலை கேட்டு ஊர்க்காரர்கள் போராடியது பலமுறை செய்தியாக வந்தது. 2018-ல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. விரிவாக்கத் திட்டத்துக்கு மீனவர் எதிர்ப்பு தொடர்கிறது. இடையில் 2017-ல் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் ஆற்றில் எண்ணெய்.

ஆக, வெளியிலிருந்து வருகிறவர் "சுயசார்பு" என்று ஆரம்பித்தால், இங்கே அந்தச் சொல் கொஞ்சம் உறுத்தும். வேலை தேடத் தெரியாதது இவனுக்குப் பிற்பாடு வந்த பிரச்சினை. வேலை தேடுகிறவனாக ஆனதுதான் முதல் பிரச்சினை. அதற்கு முப்பது வினாடிப் பேச்சு மருந்தில்லை.

அதற்காக அது வீண் என்றும் சொல்ல மாட்டேன். "எக்ஸ்பீரியன்ஸ் எதுவும் இல்லண்ணே" என்கிற அதே பையனுக்கு வலை முடையத் தெரியும், கயிற்று முடிச்சுகள் தெரியும், படகு இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரியும், ஜி.பி.எஸ். பார்க்கத் தெரியும், நீச்சல் தெரியும், நீரோட்டம் தெரியும். துறைமுகத்தில் கப்பலைக் கயிறுபோட்டுக் கட்டுவதும், கண்டெய்னரைப் பிணைப்பதும், ரிகர் வேலையும் இந்தக் கைகளுக்குத் தூரமில்லை. தன் தொழிலை அவர்கள் பாஷையில் சொல்ல யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சான்றிதழுக்குக் கட்டப் பணமும் இல்லை. இந்த இடத்தில் ஒரு குழு, ஒரு கூட்டாளி, ஒரு சுழல்நிதி உண்மையாகவே உதவும். அதை நடத்த வெளிநாட்டுக்காரர்தான் வர வேண்டும் என்பதும் இல்லை.

மூன்று கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இப்படி ஊழியத்துக்குக் கிளம்புகிறவர் கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. இங்கே ஏற்கெனவே என்ன தொழில் இருக்கிறது? நான் போனபின் கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கும்? தடை இவனுக்குள் இருக்கிறதா, கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதா?

முதல் இரண்டுக்கும் மார்த்தாண்டத்தில் விடை கிடைத்தது. மூன்றாவதற்கு விடை தேடுகிறவர் பையனிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் போதாது. கேட்டைத் தாண்டி உள்ளே போய், "காண்ட்ராக்ட்டா, நிரந்தரமா?" என்றும் கேட்க வேண்டியிருக்கும். அதையும் முப்பது வினாடியில் கேட்டுவிடலாம்.