சம்ப்பு கசிகிறதா? உடைக்கும் முன் அளந்து பாருங்கள்

மொகஞ்சதாரோவில் 1920களில் அகழ்ந்து கண்ட பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம் உடையது. அதன் படிக்கட்டுகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். வியாபாரியான என் கண்ணில் பட்டது வேறு. செங்கல்லை நெருக்கி அடுக்கி, ஜிப்சம் சாந்து வைத்து, சுவருக்குப் பின்னால் தார் போன்ற நிலக்கீலைப் பூசியிருக்கிறார்கள். தண்ணீர் ஒழுகக் கூடாதே என்ற கவலை நாலாயிரம் வருஷத்துக்கும் பழையது.

ஜோகுபாளையத்தில் நம் வீடுகளுக்குக் குளம் ஏது? வாசலுக்கு அடியில் சம்ப்புதான். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, தொரெகாடனஹள்ளியிலிருந்து மேடேற்றி அனுப்பும் காவிரி நீர் அதில்தான் வந்து விழுகிறது. 2024 மார்ச் தட்டுப்பாட்டில், நீச்சல் குளங்களுக்குக் குடிநீர் விடக்கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. குளம் வைத்திருப்பவர்களை நாமெல்லாம் திட்டினோம். அப்போது என் சம்ப்பே ஒழுகிக்கொண்டிருந்தது!

மேஸ்திரி வந்து பார்த்து, "ஐயா, தரையோட பேத்துட்டு முழுசா பூசிடலாம்" என்றார். "கொஞ்சம் பொறுங்க மேஸ்திரி, அளந்து பார்த்துடுவோம்" என்றேன்.

மேல் தொட்டியையும் குடங்களையும் நிரப்பிக்கொண்டு, தண்ணீர் வரும் வால்வையும் மோட்டாரையும் நிறுத்தினேன். ஸ்டீல் ஸ்கேலால் மட்டத்தைக் குறித்தேன். 12 மணி நேரத்தில் அரை அங்குலம் இறங்கியது. 8க்கு 5 அடி சம்ப்பில் ஓர் அங்குலம் என்பது சுமார் 94 லிட்டர். இதே வேகத்தில் போனால் மாதம் 2,800 லிட்டர் மண்ணுக்குள்!

அப்படியே விட்டுவைத்தேன். நாலு நாளில் மூன்று அங்குலம் இறங்கி, மட்டம் நின்றுவிட்டது. இதுதான் சூட்சுமம். மட்டம் எங்கே நிற்கிறதோ, ஓட்டை அந்த உயரத்தில்தான் இருக்கும். அடிவரை இறங்கினால் தரையையோ, தரையும் சுவரும் சேரும் மூலையையோ சந்தேகிக்க வேண்டும்.

மூடிய சம்ப்பில் ஆவியாவது சொற்பம். திறந்த நீச்சல் குளத்தில் அப்படியில்லை. ஒரு வாளியில் நீர் நிரப்பிக் குளத்துப் படியில் வைத்து, இரண்டு மட்டத்தையும் ஒரு நாள் ஒப்பிட வேண்டும். வாளியைவிடக் குளம் அதிகமாக இறங்கினால் கசிவு. மோட்டார் ஓடும்போது மட்டும் கூடுதலாக இறங்கினால், தண்ணீரைத் திருப்பி அனுப்பும் குழாயைப் பார்க்க வேண்டும். விரிசல் எது என்று தெரிய, அசையாத நீரில் அதன் அருகே சாயத்துளி விடுவார்கள். ஓட்டை இருந்தால் சாயம் உள்ளே இழுபடும்.

எங்கள் வீட்டில், தெருப்பக்கச் சுவரில், எப்போதோ வெட்டி மூடிய பழைய இரும்புக் குழாயின் துளையில் வந்து நின்றது. துளைக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு கறை. சம்ப்பு நிறைந்திருந்தால் நம் நீர் வெளியே போகும்; இறங்கியிருக்கையில் மழை பெய்தால் தெருச் சாக்கடை ஈரம் உள்ளே வரும். இரண்டுக்கும் ஒரே வழி. நீரை வடிகட்டிக் குடிப்பது சமணர் வழக்கம். எங்கள் வீட்டிலும் இரட்டைத் துணிதான். ஆனால் சாக்கடைக் கிருமிகளைத் துணி தடுக்காது. பூசி முடிக்கும்வரை கொதிக்க வைத்தே குடித்தோம்.

சம்ப்பில் இறங்குவது விளையாட்டல்ல. உள்ளே கெட்ட காற்று தேங்கி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். தண்ணீரை இறைத்து, மூடியைப் பல மணி நேரம் திறந்து வைத்து, காற்றடிக்கச் செய்த பிறகே, வெளியே ஆளை நிறுத்தி இறங்கவேண்டும். ஆள் உள்ளே இருக்கையில் மோட்டார் இணைப்பு கூடாது. ஒருவர் மயங்கினால் பின்னாலேயே இன்னொருவர் குதிக்கக் கூடாது. தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

மேஸ்திரி துளையைச் சுற்றி உளியால் கொத்தி, உதிரும் பழைய பூச்சை எடுத்து, கழுவி, ஈரமாக்கி, சுருங்காத கலவையை இறுக்கி அடைத்தார். மேலே மட்டும் சிமெண்ட் தடவினால் அடுத்த கோடையில் பெயர்ந்துவிடும். மேல்பூச்சு குடிநீருக்கு உகந்ததுதானா என்று டப்பாவைப் படித்துப் பார்த்தே வாங்கினேன். ஏழு நாள் ஈரம் காயாமல் வைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவி, அந்த நீரை வெளியேற்றிய பிறகே காவிரியைத் திறந்தோம். மறுபடி இரண்டு இரவு ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், மட்டம் இறங்கவில்லை.