அச்சில்லாமல் கோக்கும் நொதி

1983-ஆம் ஆண்டில் நான் செங்கற்பட்டில் இளம் ஆசிரியன். மாமல்லபுரத்தை அடுத்த குப்பத்துச் சிறுவன் ஒருவன் விடுதியில் தங்கி என்னிடம் பயின்றான். வகுப்பில் அடிக்கடி அயர்ந்து உறங்குவான். சோம்பல் என்றெண்ணி அவனைப் பெஞ்சியின்மேல் நிற்க வைத்தேன். அவன் முகம் வெளிறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. சில வாரங்களில் இரத்தப் புற்றுநோய் எனத் தெரிந்தது. ஆண்டு முடியுமுன் அவன் மறைந்தான். அந்நோயைப் பற்றி அதன் பின்னரே நான் கற்கத் தொடங்கினேன்.

அவன் தாய் கடற்கரையில் சிப்பிமாலை விற்பவர். ஒரு மாலையை மாதிரியாக வைத்து அதைப்போலவே கோப்பது ஒரு முறை. கைக்கு வந்த சிப்பியைக் கோப்பது மற்றொரு முறை. நம் உயிரணுக்களிலும் இவ்விரு முறைகளும் உண்டு. டி.என்.ஏ. என்னும் மரபிழையைப் படியெடுக்கும் நொதிகள் மூலத்தைப் பார்த்தே எழுத்துகளைக் கோக்கின்றன. டி.டி.டி. என்னும் நொதியோ மூலமின்றியே எழுத்துகளைச் சேர்க்கும்.

இதனால் பயன் யாது? எண்ணற்ற கிருமிகளை அடையாளங்காண எண்ணற்ற வகை நிணநீர் அணுக்கள் வேண்டும். எலும்பு மஜ்ஜையிலும் தைமஸ் சுரப்பியிலும் இளம் அணுக்கள் தம் மரபுத் துண்டுகளை இணைக்கையில், இந்நொதி இணைப்பிடத்தில் புதிய எழுத்துகளைச் செருகிப் பல்வகைமையைப் பெருக்குகிறது. அணு முதிர்ந்ததும் இந்நொதி மறைந்துவிடும்.

குழந்தைகளிடம் மிகுதியாகக் காணும் இரத்தப் புற்றுநோயிலோ, இளம் நிணநீர் அணுக்கள் முதல் வகுப்பைத் தாண்டாத பிள்ளைகளைப்போல் முதிராமலே பெருகுகின்றன. ஆகவே அவற்றுட் பெரும்பாலானவற்றில் இந்நொதி நிலைத்திருக்கும். 1973-இல் டேவிட் பால்டிமோரும் உடன் ஆய்ந்தோரும் ஒரு குழந்தையின் நோயணுக்களில் இதைக் கண்டனர். நொதி குற்றவாளியன்று, சாட்சி. நோய் எவ்வகையது என்பதை மருத்துவர்க்கு உணர்த்தும் அடையாளங்களுள் அதுவும் ஒன்று. அது செருகிய எழுத்து வரிசையைக் கொண்டே, சிகிச்சைக்குப் பின் எஞ்சிய நோயணுக்களையும் தேடுகின்றனர்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1980-களில் பம்பாய், தில்லி மருத்துவமனைகளோடு சேர்ந்து இந்நோய்க்கு ஒரே சீரான கூட்டுமருந்துச் சிகிச்சையைக் கையாண்டது. இன்று காலத்தே தக்க சிகிச்சை பெறும் குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

ஆதலின் உங்கள் தோழன் வெளிறி, ஓயாக் காய்ச்சலுற்று, காரணமின்றி உடம்பெங்கும் கன்றிப்போயிருந்தால், உடனே பெரியோரிடம் கூறுங்கள். நான் காணத் தவறியதை நீங்கள் காண்பீர்களாக.