பொதியமலைப் பயணம்

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே குமரிமுனையை நோக்கி இறங்கிச் செல்லுமிடத்தில், கூம்பின் வடிவாக ஒரு கொடுமுடி உயர்ந்து நிற்கின்றது. அதுவே பொதியமலை. பொதியில், பொதிகை என்னும் பெயர்களும் அதற்கு உண்டு. அகத்திய முனிவர் உறையும் இடம் என்னும் நம்பிக்கையால் அதனை அகத்தியர் மலை என்றும் மக்கள் அழைப்பர். மலையின் மேற்குச் சரிவில் வாழும் கேரள மக்கள் அகத்தியர்கூடம் என்பர். கடல் மட்டத்திற்கு மேல் அதன் உயரம் 1868 மீட்டர். நீலகிரியில் உள்ள தொட்டபெட்டாவும் மூணாற்றுக்கு அருகிலுள்ள ஆனைமுடியும் இதனினும் மிக உயர்ந்தவை. எனினும் தமிழ் நூல்களில் பொதியிலுக்குள்ள பெருமை அவற்றுக்கு இல்லை.

சங்க காலத்தில் இம்மலையைச் சூழ்ந்த நாட்டை ஆய் அண்டிரன் என்னும் வள்ளல் ஆண்டான். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அவனைப் பாடினார். சந்தனமும் தென்றலும் பொதியிலுக்கே உரியவை என்பது புலவர் மரபு. கிரேக்க நிலநூல் அறிஞராகிய தாலமி குறிப்பிடும் பெட்டிகோ மலை இதுவே என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். அவலோகிதர் என்னும் போதிசத்துவர் உறையும் இடமாகப் பௌத்த நூல்கள் சொல்லும் போதலகமும் இம்மலையே என்பார் உளர். அக்கருத்து வலுவுடையதாயின், திபெத்து நாட்டு இலாசா நகரில் நிற்கும் போதல மாளிகையின் பெயர் நம் தென்பாண்டி நாட்டு மலை ஒன்றின் பெயரேயாகும்.

இத்தகைய மலையைக் காண விரும்புவோர் நினைத்த நாளில் சென்று ஏறிவிட இயலாது. ஆண்டில் சில கிழமைகளே அதற்கு வாய்ப்பானவை. ஆனி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் வந்து மோதுகின்றது. அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை கிழக்குப் பக்கத்தைச் சாடுகின்றது. பிற மலைகள் பலவும் ஒரு மழையையே பெரும்பகுதியாகப் பெற, பொதியில் இரண்டையும் நிறையப் பெறுகின்றது. அம்மாதங்களில் காட்டாறுகள் பெருக்கெடுக்கும், பாறைகள் வழுக்கும், அட்டைகள் ஈரத் தழைகளின் நுனிகளில் எழுந்து நின்று வழிப்போக்கரைப் பற்றும். மார்கழி கழிந்த பின்னரே வானம் வெளுக்கின்றது. ஆகவே கேரள வனத்துறையினர் பெரும்பாலும் சனவரித் திங்களின் நடுப்பகுதியிலிருந்து மார்ச்சு வரையுள்ள காலத்தில் மலை வழியைத் திறந்துவிடுகின்றனர். நம் கணக்கின்படி அது தை, மாசி, பங்குனி மாதங்களாகும்.

மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம் என்றும், சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்றும் நம் முன்னோர் வகுத்தனர். ஆனால் மரங்கள் ஏட்டைப் பார்த்துத் தளிர்ப்பதில்லை. சமவெளியில் வேம்பு பூப்பதற்கு முன்னரே, பனி முற்றும் நீங்காத மாசியிலேயே, பொதியிற் காட்டில் வேனிலின் வரவு தெரியத் தொடங்கிவிடும். நாங்கு மரத்தின் செந்தளிர்கள் கரும்பச்சைக் காட்டின் இடையிடையே தீக்கொழுந்து போலத் தோன்றும். வெடிப்பலா மரத்தின் பூக்கள் கிளைகளின் மேலேயே நேராகக் கொத்துக் கொத்தாய் மலரும். அவற்றுக்கு இதழ் இல்லை. பார்வைக்கு அழகும் இல்லை. ஆயினும் வறண்ட மாதங்களில் சிங்கவால் குரங்குகள் பெரிதும் நம்பியிருப்பது இப்பூக்களையே. இரவில் வௌவால்களும் இவற்றின் தேனை நாடி வரும். காண்பதற்கு இனிய பூக்களையே வேனிலின் சிறப்பென்று எண்ணுவோர், இம்மரத்தின் அடியில் சற்று நின்று மேலே நோக்குதல் நன்று.

இன்று பெரும்பாலோர் ஏறுவது கேரளப் பக்கத்து வழியாகவே. தமிழ்நாட்டுப் பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் காவலில் உள்ளது. திருவனந்தபுரத்திலிருந்து விதுரை வழியாகப் போணக்காடு என்னும் பழைய தேயிலைத் தோட்டத்தை அடைந்தால், அங்குள்ள வனத்துறை நிலையத்திலிருந்து நடை தொடங்கும். முன்னரே இசைவுச் சீட்டுப் பெற்றவர்க்கே அனுமதி உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அளவும் வகுத்திருக்கின்றனர். பைகள் சோதிக்கப்படும். நெகிழிப் பொருள்களும் மதுவும் தடுக்கப்படும். காட்டை அறிந்த வழிகாட்டிகள் உடன் வருவர்.

முதல் நாள் நடை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். தொடக்கத்தில் வழி மரநிழலில் மெல்லச் செல்லும். கரமனையாறு முதலிய சிற்றாறுகளைக் கடக்க வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் ஆளை இழுத்துச் செல்லும் அவ்வாறுகள் மாசியில் கணுக்கால் நனைய ஓடும். பின்னர்க் காடு விலகிப் புல்வெளி வரும். நிழலற்ற அவ்விடத்தில் வெயில் கடுமையாக உறைக்கும். அதன்பின் வருவது ஏழுமடக்குத் தேரி. தேரி என்னும் சொல் திருநெல்வேலிச் சீமையில் செம்மணல் மேட்டைக் குறிக்கும். இங்கு அது மடங்கி மடங்கி ஏறும் மேட்டு வழியைக் குறித்து நிற்கின்றது. அதற்கு அப்பால் முட்டிடிச்சான் மலை. ஏறுவோருடைய முழங்கால் அவர்தம் மார்பிலேயே இடிக்கும் என்பது அப்பெயரின் பொருளாம். பெயரிட்டவர் மிகைப்படுத்தினார் என்று அதை ஏறி முடித்தவர் எவரும் சொல்லார். மாலைக்குள் அதிருமலை என்னும் தங்குமிடத்தை அடைந்துவிட வேண்டும். இருள் சூழ்ந்தால் அவ்வழி யானைகளுக்கு உரியது.

மறுநாள் காலை எஞ்சிய 6 கிலோமீட்டரும் ஏறவேண்டும். தூரம் சிறிதாயினும் உழைப்பு பெரிது. மூங்கிற் புதர்களும் அடர்ந்த சோலையும் கடந்து பொங்காலைப் பாறையை அடைந்தால் கொடுமுடி நேரெதிரே தோன்றும். அங்கிருந்து மரங்கள் படிப்படியாகக் குள்ளமாகின்றன. ஓயாது வீசும் காற்றும், பாறை மேல் படிந்த சிறிதளவு மண்ணும் அவற்றை வளரவிடுவதில்லை. செங்குத்தான பாறைகளில் கட்டியிருக்கும் கயிறுகளைப் பற்றி ஏறுவோர் இறுதியில் உச்சியை அடைவர். அங்கே அகத்தியரின் சிலை ஒன்று திறந்த வெளியில் நிற்கின்றது. முற்பகலில் வானம் தெளிந்திருப்பின் இருபுறத்து நாடுகளும் காட்சி தரும். பிற்பகலில் மேகம் வந்து மூடிவிடுமாதலின், விடியலிலேயே புறப்படுதல் வேண்டும்.

இவ்வுச்சிக்கு வேறொரு வரலாறும் உண்டு. திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் தலைவராக இருந்த சான் ஆலன் பிரௌன் என்பவர், 1850களில் திருவிதாங்கூர் மன்னரின் ஆதரவோடு இங்கே ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். நிலத்தின் காந்த ஆற்றல் உயரத்திற்கு ஏற்ப எவ்வாறு மாறுகின்றது என்று அளப்பதே அவர் நோக்கம். பாதையும் கயிறும் இல்லாத அந்நாளில் நுண்ணிய கருவிகளை யானைக் காட்டின் வழியே சுமந்து சென்றவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைத்தில.

நெடுங்காலம் பெண்கள் இம்மலையில் ஏற இசைவு பெறாதிருந்தனர். 2018 ஆம் ஆண்டு கேரள உயர்நீதிமன்றம் அத்தடை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 2019 சனவரி முதல் பெண்களும் ஏறி வருகின்றனர்.

மலையின் இயற்கையை நன்கறிந்தவர் காணிக்காரர் என்னும் பழங்குடி மக்களே. 1987 ஆம் ஆண்டில் தாவர ஆராய்ச்சியாளர் சிலர் காணிக்காரரை வழிகாட்டிகளாகக் கொண்டு இக்காட்டில் சென்றனர். ஏற்றம் மிகுந்த வழியில் ஆராய்ச்சியாளர் களைத்துச் சோர்ந்தனர். வழிகாட்டிகளோ சிறு கனிகள் சிலவற்றைத் தின்றுகொண்டே தளராது நடந்தனர். அக்கனி எது என்று கேட்டபோது அவர்கள் முதலில் சொல்லத் தயங்கினர். வழிவழியாகக் காத்துவந்த அறிவன்றோ? பின்னர்ச் செடியைக் காட்டினர். அதுவே இன்று ஆரோக்கியப்பச்சை எனப் பெயர் பெற்றது. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிலையத்தார் அதனை ஆராய்ந்து, ‘சீவனி’ என்னும் மருந்தை உருவாக்கினர். அதனைச் செய்து விற்கும் உரிமையை ஒரு நிறுவனத்திற்கு 10 இலட்சம் ரூபாய்க்கு அளித்தபோது, அத்தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிக்காரர்க்கு உரியது என வகை செய்தனர். அதற்கென 1997 இல் ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டது. காட்டு மக்களின் அறிவைக் கேட்டறிந்து தமதாக்கிக் கொள்வது உலகத்து வழக்கம். அதற்கு விலை உண்டு என ஒப்புக்கொண்ட இச்செயல் பிற நாட்டாராலும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. ஆனால் செடியின் புகழ் பரவியதும் அதனை வேரோடு பறித்துச் செல்வோரும் காட்டினுள் புகுந்தனர்.

இம்மலையில் எதுவும் சிதையலாகாது என்று வனத்துறையினர் இத்துணைக் கண்டிப்புக் காட்டுவதற்குப் பெருங்காரணம் தண்ணீர். கிழக்கே தாமிரபரணியும், மேற்கே நெய்யாறும் கரமனையாறும் இம்மலைப் பகுதியில் தோன்றுகின்றன. தாமிரபரணி 130 கிலோமீட்டர் கூட ஓடாத சிற்றாறுதான். எனினும் கார், பிசானம் என்னும் இருபோக நெல்லுக்கும் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் குடிநீருக்கும் அதுவே முதல். மழையற்ற மாசி, பங்குனியிலும் மலைமேல் அதன் ஊற்றுகள் வற்றுவதில்லை. அஃது எங்ஙனம்?

வெற்றுப் பாறையில் விழும் மழை ஒரு நாழிகையில் உருண்டோடிவிடும். பொதியிற் சோலையில் விழும் மழை அவ்வாறு ஓடுவதில்லை. முதலில் மேற்கிளைகளின் இலைகள் அதன் வேகத்தைத் தாங்குகின்றன. கீழே பல்லாண்டாகக் குவிந்து மக்கிய சருகு பஞ்சு போல அந்நீரை உறிஞ்சுகின்றது. வேர்கள் துளைத்த மண் அதனை உள்வாங்கிப் பாறைப் பிளவுகளுக்கு அனுப்புகின்றது. அங்கிருந்து அது சிறிது சிறிதாகக் கசிந்து, வாரங்களும் மாதங்களும் கழிந்த பின் ஊற்றாய் வெளிப்படுகின்றது. ஐப்பசியில் பெய்த மழையே பங்குனியில் ஆறாக ஓடுகின்றது எனலாம். பாபநாசத்தில் மக்கள் கட்டிய அணையைக் கண்டு வியக்கிறோம். அதற்கு மேலே கல்லும் சுண்ணாம்புமின்றி இயற்கை கட்டிய அணை இச்சோலையே.

இந்த அணைக்கு வெள்ளத்தால் கேடு வருவதில்லை, தீயால் வரும். மக்களுக்கு ஏற வசதியான காலம் எதுவோ, அதுவே மலைக்கு மிகவும் இடரான காலம். மழை ஓய்ந்து பாதை உலர்ந்திருப்பதால் பயணம் எளிதாகின்றது. அதே வெயில்தான் ஆளுயரப் புல்லையும் உலர்த்தி வைத்திருக்கின்றது. அணையாத ஒரு பீடித்துண்டோ, உணவு சமைத்த இடத்தில் எஞ்சிய தணலோ போதும். மலைக்காற்று அதனைச் சில நொடிகளில் சரிவின் மேலே ஏற்றிவிடும். புல் அடுத்த மழையில் மீண்டும் முளைத்துவிடும். ஆனால் தீ சோலையின் ஓரத்தைத் தின்றுவிட்டால், அங்கே ஒரு நாங்கு மரம் மீண்டும் ஓங்கி நிற்க ஒரு மனிதனின் வாழ்நாள் போதாது.

மனிதர்க்கும் அதனால் வரும் கேடு சிறிதன்று. 2018 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11 ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றிருந்த இளைஞரும் மகளிரும் உலர்ந்த புல்வெளியில் பரவிய காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பங்குனி பிறக்கச் சில நாள்களே இருந்த வேளை அது. மேல்நோக்கி ஓடுவோரைவிட மேல்நோக்கி ஏறும் தீ விரைவானது. கீழுள்ள தீயின் வெம்மை மேலுள்ள புல்லை முன்னரே காய்ச்சிப் பற்றுவதற்கு ஏற்றதாக்கிவிடுவதே அதன் காரணம். ஆதலின் புகை தெரிந்தவுடன் உச்சியை நோக்கி ஓடலாகாது. வெறும் பாறையையோ, நீரோடையையோ, புல்லற்ற வெளியையோ தேடித் தீயின் பக்கவாட்டில் விலகிச் செல்லவேண்டும். வழிகாட்டியின் சொல்லை மீறித் தனியே பிரியலாகாது.

அதனாற்றான் பொதியில் வழியில் தீப்பெட்டி கொண்டுசெல்வோரைக் காவலர் கடிந்துகொள்கின்றனர். வேனில் முற்றிப் புல் மேலும் உலர்ந்து தீயின் அச்சம் மிகும்போது, இசைவு பெற்றவர் காத்திருப்பினும் வழியை மூடிவிடுவதும் உண்டு. திரும்பிச் செல்ல நேர்வோர் வருந்துவர். போணக்காட்டு வாயிலில் தடைக்கம்பம் இறங்கும். ஆனி பிறந்து மேற்கே மேகம் திரளும்வரை, வெடிப்பலாவின் முட்காய் வெடிக்கும் ஒலியையும் குரங்குகளின் குரலையும் அன்றி அவ்வழியில் வேறெதுவும் கேட்பதரிது.