காலாளுக்கும் ஒரு முகம்

சதுரங்கப் பலகையின் முன்வரிசையில் நிற்கும் காலாளை உற்றுநோக்குபவர் எத்தனை பேர்? குதிரைக்கு ஓர் உருவம் உண்டு, யானைக்கும் உண்டு. காலாளுக்கோ ஓர் உருண்டைத் தலை, அவ்வளவே. பகடை உருட்டி, அளவுநாடா பிடித்து மேசைமேல் போர் விளையாடுவோர் இக்குறையைத் தீர்க்கப் புறப்பட்டவர்கள் எனலாம். சுண்டுவிரல் நகத்தினும் சற்றே உயர்ந்த உலோகச் சிப்பாய்க்குச் சட்டையும் தலைப்பாகையும் முகமும் அவர்கள் தூரிகையால் வழங்குகின்றனர்.

1824இல் பிரஷ்ய இராணுவம் தன் அதிகாரிகளின் பயிற்சிக்கென ஏற்ற விளையாட்டு இது. அங்கே பொம்மைகள் இல்லை. படைகளைக் குறிக்கும் கட்டைகளே இருந்தன. 1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன் நிறுவனத்தார் ஈயச் சிப்பாய்களை உள்ளீடின்றி வார்க்கத் தொடங்கவே விலை இறங்கிற்று. சில ஆண்டுகளில் சென்னைக் காலாட்படையினரும் அவர்களது பெட்டிகளில் இடம்பெற்றனர். நம்மவர் பொம்மையாகக் கடல் கடந்த கதை அது! 1913இல் எச். ஜி. வெல்ஸ் இவ்விளையாட்டுக்கென ஒரு நூல் எழுதி, மெய்ப்போரைவிடப் பொம்மைப்போர் எவ்வளவோ மேல் என்று வாதிட்டார். மறு ஆண்டே உலகப்போர் மூண்டது.

நான் குறிஞ்சிப்பிட்டியில் அமைக்க முற்பட்டது 1795ஆம் ஆண்டுக் களம். அருகிலுள்ள கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் அவ்வாண்டு நவம்பரில் ஆங்கிலேயரிடம் இழந்தனர். சென்னையிலிருந்து இலங்கைக்கு அனுப்பப்பட்ட படைகளில் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களுமான சிப்பாய்கள் இருந்தனர். தளபதிகளின் பெயர்கள் ஏட்டில் உள்ளன. சிப்பாயின் பெயரை யார் எழுதி வைத்தார்?

பதினைந்து மில்லிமீட்டர் உருவங்களை அரத்தால் தேய்த்துச் சுத்தமாக்கி, ஐஸ்பழக் குச்சியில் வரிசையாக ஒட்டிக்கொண்டால் வேலை எளிது. முதற்பூச்சு காய்ந்தபின் செஞ்சட்டை. அதன்மேல் நீர்த்த கபில வர்ணம். அது மடிப்புகளில் தேங்கி நிழலாகிவிடும். மார்பின் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகள் போட்டால் தோல்வார் ஆயிற்று. சிறிய உருவத்திற்கு மெய்யான நிறத்தைவிடப் பிரகாசமான நிறமே வேண்டும். இல்லையேல் கைநீட்டும் தூரத்தில் எல்லாம் கருந்திட்டாகத் தோன்றும். பொத்தானை எண்ணி எண்ணித் தீட்டுவது வீண்வேலை. நானும் ஒரு காலத்தில் எண்ணியவன்தான்.

முகத்திற்கு வந்தபோது திகைத்தேன். கடையில் வாங்கிய 'தோல்நிறம்' வெள்ளைக்காரன் தோலின் நிறம்! கபிலமும் மஞ்சளும் கலந்து மூன்று குப்பிகளில் மூன்று நிறம் செய்துகொண்டேன். ஒரு வரிசையில் இருவர் ஒரே நிறமாக இராதபடி பூசினேன். ஒரு புள்ளியளவே முகம். ஆயினும் அந்த வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுகிறது. ஐயமிருப்பின் செய்து பார்ப்பீராக.

அடுத்தது பீடம். நாற்பது மில்லிமீட்டர் அகலமுள்ள அட்டையில் மூவர் அல்லது நால்வரை நிறுத்துவது வழக்கம். படை ஒன்றாக நகரும். விரல் பட்டு வர்ணம் அழிவதும் குறையும். களப்புக்கரை மணலைப் பசையில் தூவி மகிழ்ந்தேன். மாரி வந்தது, பீடமெங்கும் வெண்பூ பூத்தது. உப்பு! புத்தளத்து உப்பைப் பற்றி ஊரறிந்ததை நான் மறந்துபோனேன். எல்லாவற்றையும் சுரண்டி, மணலை மழைநீரில் மும்முறை அலசி, சட்டியில் வறுத்து மீண்டும் தூவினேன். காய்ந்த புல்லுக்குத் தென்னந்தும்பைப் பொடியாக நறுக்கினேன். கடையில் விற்கும் பொய்ப்புல் அதற்கு ஈடாகாது.

களம் நிறைவெய்திய நாளில் அயல்வீட்டுப் பெரியவர் வந்தார். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த்தீவிலிருந்து பலர் படகுகளில் இக்கரைக்கு வந்தனர். அவரும் அவர்களுள் ஒருவர். மேசையை நெடுநேரம் பார்த்தார்.

"சண்டை இருக்குது, தம்பி. சனம் எங்கே?"

"விளையாட்டுக்கு அவர்கள் தேவையில்லை, மாமா," என்றேன். சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

போர் முடிந்த 2009க்குப் பின்னும் இந்நாட்டில் இத்தகைய விளையாட்டுத் தகுமா என்று பிறர் கேட்டதுண்டு. அதற்கு வெல்ஸின் வாதத்தையே விடையாகக் கூறிவந்தேன். பெரியவரின் கேள்விக்கு அது விடையாகவில்லை.

அன்றிரவு இரண்டு சிப்பாய் உருவங்களின் துப்பாக்கிகளை வெட்டி நீக்கினேன். களிமண் பசையால் ஒன்றிற்குச் சேலையும் தலையில் மூட்டையும் அமைத்தேன். மற்றொன்றை முழங்காலளவு குறைத்துச் சிறுவனாக்கினேன். இருவருக்கும் ஒரே பீடம். அலசிய மணல், தும்புப் புல். விளையாட்டில் ஒரு விதியும் சேர்த்தேன்: அப்பீடம் நிற்கும் இடத்தை நோக்கி எவரும் சுடலாகாது; அதைக் கரைசேர்க்காத தரப்புக்கு வெற்றியில்லை.

மறுநாள் பெரியவரிடம் காட்டினேன். கோட்டைச் சுவரோரம் நான் வைத்திருந்த பீடத்தை இரு விரலால் எடுத்தார். தாயின் முகத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பின்பு அதைக் களப்புக்கரையில், தோணியின் பக்கத்தில் வைத்துவிட்டு, "மூட்டை கொஞ்சம் பெரிசு. எங்களுக்கு இவ்வளவு கொண்டுவர விடவில்லை," என்றார்.

மூட்டையைத் தேய்த்துச் சிறிதாக்க அரத்தைத் தேடி எழுந்தேன்.