கரிசலிலிருந்து காட்டுக்கு – 7: ஆடி அமாவாசைக்குக் குடில் போடப் போகிறவர்களுக்கு

ஆடி பிறந்துவிட்டால் கோவில்பட்டிச் சீமையில் காற்றுக்குத்தான் கொண்டாட்டம். மேற்கே மலையில் சாரல் விழும், இங்கே புழுதி பறக்கும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழி கரிசல்காட்டில் செல்லாது. மானாவாரி விவசாயிக்குப் புரட்டாசிதான் பட்டம். உழுதுபோட்ட நிலம் வடகிழக்குப் பருவமழைக்குக் காத்துக் கிடக்கிறது. உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைக்கும்வரை கைவேலை குறைவு. பிள்ளை குட்டிகளோடு இரண்டு நாள் வெளியே தங்க இதைவிடத் தோதான காலம் கிடையாது. பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலின் ஆடி அமாவாசைப் பெருந்திருவிழாவும் சரியாக இந்தக் காலத்தில்தான் வருகிறது. தென்மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அவர் குலதெய்வம்.

காட்டில் தங்குவது என்றதுமே ஒரு கேள்வி எழும். குடும்பத்தோடு காட்டுக்குள் போய், பிடித்த இடத்தில் கூடாரம் அடித்துத் தங்கலாமா? அமெரிக்காவின் தேசிய வனங்கள் பலவற்றில் அப்படித் தங்கலாம். பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை அனுமதி உண்டு. ஆற்றிலிருந்து 60 மீட்டராவது தள்ளித் தங்க வேண்டும், குப்பையைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்பது அங்கே பாலபாடம்.

தமிழ்நாட்டில் அது நடக்காது. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய தீயில், மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். காய்ந்த புல்லும் மலைக்காற்றும் சேர்ந்தால் தீயை முந்தி ஓட மனிதனால் முடியாது. அந்தச் சாவுகளுக்குப் பிறகும் "யாருக்குத் தெரியப்போகிறது" என்று குழந்தைகளை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் புகுவது பெரும் பிழை.

அதனால்தான் காரையாற்றுத் திருவிழா முக்கியமாகிறது. முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்களாயின. 1988இல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. அந்தக் காப்பகத்துக்குள்தான் கோயில் இருக்கிறது. புலி நடமாடும் காட்டில், அனுமதியோடு, குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டுத் தங்கக் கிடைக்கும் வாய்ப்பு இது. ஒரு காலத்தில் ஜனங்கள் நாள்கணக்கில் தங்கினார்கள். சிங்கம்பட்டி ஜமீன் முன்னின்று நடத்திய விழா. பட்டம் சூடிய கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடையில் காட்சி தருவதைப் பார்க்கவே கூட்டம் கூடும். அவர் 2020இல் காலமானார். இப்போது தங்கும் நாட்களைக் குறைத்துவிட்டார்கள். காட்டின் பக்கம் நின்று பார்த்தால் அந்த முடிவு நியாயமானதே.

முதன்முறை போகும் குடும்பம் முதலில் செய்ய வேண்டியது, திருநெல்வேலி மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் வெளியிடும் அறிவிப்பைப் பார்ப்பது. எத்தனை நாள் தங்கலாம், எங்கே குடில் போடலாம், சொந்த வண்டி எதுவரை போகும் என்பதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அண்மை ஆண்டுகளில் தனியார் வண்டிகளை அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து அரசுப் பேருந்தில்தான் ஏற்றிவிடுகிறார்கள். ஆகவே, பேருந்தில் தூக்கிப்போக முடிகிற அளவுதான் மூட்டை. பாதிச் சாமானை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

குடிலுக்குக் கம்பு காட்டில் வெட்டிக்கொள்ளலாம் என்ற பழைய நினைப்பு உதவாது. ஒரு மரக்கிளையைக்கூடத் தொடக்கூடாது. இரண்டு நல்ல தார்ப்பாய், நைலான் கயிறு, நாலு கம்பு இருந்தால் போதும். ஒரு தார்ப்பாயை மேலே சரிவாக இழுத்துக் கட்ட வேண்டும். தட்டையாகக் கட்டினால் சாரல் தண்ணீர் நடுவில் குளமாகத் தேங்கி, நள்ளிரவில் மொத்தமாகத் தலையில் கொட்டும். இன்னொன்றைத் தரையில் விரிக்கும்போது அதன் ஓரம் மேல்தார்ப்பாயின் விளிம்புக்கு உள்ளேயே இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வடியும் தண்ணீர் நேராகப் படுக்கைக்கு வரும். கரிசல்வாசிக்குப் பழக்கமில்லாத ஈரம் அது. குழந்தைகளுக்குக் கம்பளியும் மாற்றுத்துணியும் கூடுதலாக வேண்டும்.

சாப்பாட்டில் கரிசல் வீடுகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புளிசாதம், பருப்புப்பொடி, வறுத்த கம்பு மாவு, கருப்பட்டி, கடலைமிட்டாய் எல்லாம் எளிதில் கெடாதவை. ஆனால் எதையும் திறந்து வைக்கக் கூடாது. பகலில் குரங்கு வரும். மிச்சத்தைக் குடில் பக்கத்தில் கொட்டினால் இரவில் பன்றியும் கரடியும் தேடி வரும். அடுப்பு பற்றவைக்கும் முன் எங்கே சமைக்கலாம் என்று வனக்காவலரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதும், அணைக்காமல் விட்டுப் போவதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இருட்டியபின் சிறுவர்கள் தனியாக நகரக் கூடாது. கழிப்பறைக்குப் போனாலும் டார்ச் லைட்டும் பெரியவர் ஒருவரும் கூட வர வேண்டும்.

ஆற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஊருணியும் கண்மாயும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஓடும் தண்ணீரின் இழுப்பு தெரியாது. கோயிலுக்கு மேலே காரையாறு அணை இருக்கிறது. தண்ணீர் திறந்தாலும், மலையில் மழை பெய்தாலும் ஆறு சட்டென்று ஏறும். குடில் போட்ட இடத்தில் வெயில் அடிப்பதை வைத்து மலைமேல் மழையில்லை என்று நம்பக் கூடாது. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீரென்று ஓடைகளில் வந்த காட்டாற்று வெள்ளம், சாமி கும்பிட வந்தவர்கள் சிலரின் உயிரைக் கொண்டுபோனது. பாறையில் பாசி வழுக்கும். கயிறு கட்டி, காவல் நிற்கும் இடத்தில் மட்டும் குளிப்பதே பிழைப்பு.

இனி துணி. குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றோடு விட்டால் தோஷம் கழியும் என்று பாபநாசத்தில் பலர் செய்கிறார்கள். அந்தத் துணி பாறையில் சிக்கி, மணலில் புதைந்து, மீனுக்கும் நீர்நாய்க்கும் கேடாகிறது. தன்னார்வலர்கள் மாய்ந்து மாய்ந்து அள்ளினாலும் தீரவில்லை. நேர்த்திக்கடன் செலுத்துவதற்குக் கோயிலிலேயே வழி இருக்கிறது. அங்கே குடிகொண்ட பட்டவராயன் சாமிக்குச் செருப்புக் காணிக்கை செலுத்தும் மரபு இன்றும் உண்டு. சோப்பு, ஷாம்பு, எண்ணெய்ப் பாக்கெட்டுகளைப் பையில் வைக்காமலே கிளம்பலாம். பிளாஸ்டிக்கைச் சோதனைச்சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள்.

காரையாற்றில் ஓடும் தண்ணீர் தாமிரபரணியாக அம்பாசமுத்திரம், திருநெல்வேலி கடந்து சீவலப்பேரிக்கு வருகிறது. கோவில்பட்டி நகரத்துக்குக் குடிதண்ணீர் எடுப்பது அந்தச் சீவலப்பேரியில்தான். ஆகவே இந்த ஆண்டு காரையாற்றில் குடில் போடப் போகும் குடும்பங்கள் ஒரு காலிச் சாக்கைக் கூடவே கொண்டுபோங்கள். ஈரத்துணியையும் குப்பையையும் அதில் கட்டி, வீட்டுக்கே எடுத்து வாருங்கள்.